இணையக் கங்காணிகள்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில், தேயிலைத் தோட்டத்திற்கு எவ்வழி செல்வது என்று எதிர்ப்பட்டவரைக் கேட்டறிந்த காலம் ஒன்று இருந்தது. இன்று எவரும் எவரையும் கேட்பதில்லை. கோலாலம்பூரில் வண்டி புறப்படுமுன்னரே கைப்பேசியில் மூன்று நான்கு சொற்களை இட்டுத் தேடுபொறியைக் கேட்டுவிடுகின்றனர். அது விரிக்கும் பட்டியலின் தலைப்பில் நிற்கும் சில பெயர்களே அவர்களுக்குக் கேமரன் மலை. ரிங்லட்டில் தங்குமிடம் வைத்திருப்பவரும், தானா ராத்தாவில் உணவுக்கடை நடத்துபவரும், பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி விற்பவரும் அப்பட்டியலில் எங்கே நிற்கின்றனர் என்பதைப் பொறுத்தே அவர்தம் அடுப்பு எரிகிறது. முதற் பக்கத்தில் இடம் பெறாதவர், கடை திறந்து வைத்திருந்தும் கதவடைத்தவரே ஆவார்.

இந்த நிலையில்தான் ஒருவர் வந்து சேர்கிறார். பெரும்பாலும் நேரில் வருவதில்லை. தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ வருகிறார். மாதம் இத்தனை வெள்ளி கொடுத்தால் மூன்று மாதத்தில் முதலிடம் என்று உறுதி கூறுகிறார். எப்படிச் செய்வீர் என்று கேட்டால், அது தொழில் இரகசியம் என்கிறார். கடைக்காரர் நம்புகிறார். நம்பாமல் என்ன செய்வார்? பக்கத்துக் கடை முன்னே போய்விட்டதே!

மலைநாட்டுத் தமிழர்க்கு இந்த மனிதர் புதியவர் அல்லர். இவருடைய பாட்டனாரை அவர்கள் நன்கறிவர்.

1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் என்னும் ஆங்கிலேயர் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. அதற்கு முன்பே, கரும்புக்கும் காப்பிக்கும் பின்னர் இரப்பருக்குமாக, மலாயாத் தோட்டங்கள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டிருந்தன. திரட்டியவர் கங்காணி. அவர் தம் சொந்த ஊருக்கே உரிமச் சீட்டோடு போவார். தம் உறவினரையும் ஊராரையுமே கூட்டி வருவார். அழைத்து வந்த தலைக்கு ஏற்ப அவர்க்குத் தரகு உண்டு. தோட்டத்திற்கு வந்தபின்னும், தம் ஆட்களுள் அன்றன்று பிரட்டுக்களத்தில் நின்று வேலைக்கு இறங்கியோர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தலைக்காசு உண்டு. இங்குக் கருத வேண்டியது ஒன்று. அவர்க்குக் கூலி கிடைத்தது எண்ணிக்கைக்காகவே அன்றி, ஊரில் சொன்ன சொல் மெய்யாயிற்றா என்பதற்காக அன்று. கடல் கடந்த பின் வாக்குறுதி பொய்த்தால் அதன் சுமையைச் சுமந்தவன் வந்தவனே. வாக்குக் கொடுத்தவர் அல்லர். கங்காணிகளுள் நல்லோரும் இருந்தனர் என்பதை மறுப்பது நன்றியின்மையாகும். ஆயினும் அந்த முறையே பொய்க்குக் கூலி கொடுக்கும் முறையாக அமைந்திருந்தது. 1938ஆம் ஆண்டு சூன் திங்களில், உதவித்தொகை பெற்று மலாயாவுக்குச் செல்லும் உடலுழைப்பாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தபோது அம்முறை முற்றுப்பெற்றது.

முற்றுப்பெற்றது என்று எண்ணியிருந்தோம் என்பதே பொருத்தம். தலைகளைத் திரட்டியவர் போய், கண்களைத் திரட்டுபவர் வந்திருக்கிறார். எத்தனை பேர் வந்து பார்த்தனர் என்ற எண்ணிக்கைக்கே இவர்க்கும் காசு. வந்தவர் என்ன கண்டனர், ஏமாந்தனரா, திரும்பி வருவரா என்பது இவர் கணக்கில் இல்லை.

இவர் செய்யும் தொழிலின் நுட்பம் என்ன என்பதைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது நலம். அறியாமையே இத்தொழிலின் முதலீடு.

தேடுபொறி என்பது ஒரு மாபெரும் நூலகத்தின் பட்டியலாளர் போன்றது. 1998இல் கூகுள் தோன்றியபோது அது புகுத்திய புதுமை எளிமையானது. ஒரு பக்கத்தில் எந்தச் சொற்கள் உள்ளன என்பதை மட்டும் பாராது, அந்தப் பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுபவை எத்தகையன என்பதையும் அது கணக்கிட்டது. ஆய்வேட்டில் ஒருவர் நூலைப் பலர் மேற்கோளாகக் காட்டினால் அந்நூல் மதிப்புடையது என்று கொள்வது போன்றது இது. ஒவ்வோர் இணைப்பும் ஒரு சான்றுரை. சான்றுரைக்கு விலை உண்டு என்று தெரிந்த மறுநாளே பொய்ச்சான்று விற்பவர் தோன்றிவிடுவர் என்பது எந்த நீதிமன்ற வாயிலிலும் காணக்கூடிய உண்மை. இணையத்திலும் அதுவே நேர்ந்தது.

பொய்ச்சான்றின் வகைகள் பல. வெள்ளைத் தாளில் வெள்ளை மையால் எழுதுவது போல, பக்கத்தின் நிறத்திலேயே நூற்றுக்கணக்கான சொற்களை எழுதி வைப்பது ஒன்று. மனிதர் கண்ணுக்குத் தெரியாது, பொறிக்குத் தெரியும். ‘கேமரன் மலை மலிவு விடுதி’ என்ற தொடரை ஒரே பக்கத்தில் அறுபது முறை திணிப்பது இன்னொன்று. பொறி வந்து பார்க்கும்போது ஒரு முகத்தையும், மனிதர் வந்து பார்க்கும்போது வேறொரு முகத்தையும் காட்டுவது மூன்றாவது. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மாற்றி, உள்ளே சரக்கே இல்லாத வாயிற்பக்கங்களை ஆயிரக்கணக்கில் கட்டி, எதில் நுழைந்தாலும் ஒரே கடைக்குத் தள்ளுவது நான்காவது. இவை யாவும் பழைய வித்தைகள். இவற்றினும் கொடியது, காலாவதியான தளப்பெயரை வாங்குவது. ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் ஆண்டுக்கட்டணம் செலுத்த மறந்து தன் தளப்பெயரை இழந்துவிட்டது என்று கொள்க. அதன் நற்பெயரும், அதனைச் சுட்டும் பழைய இணைப்புகளும் அப்பெயரோடு ஒட்டியே இருக்கும். வாங்கியவர் அந்தப் பெயரின்கீழ்ச் சூதாட்டக் கடை விரிக்கிறார். இறந்தவரின் கைந்நாட்டைப் பத்திரத்தில் பதிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆங்கிலத்தில் இவ்வித்தைகளைக் ‘கறுப்புத் தொப்பி’ என்று அழைக்கின்றனர். பழைய அமெரிக்கத் திரைப்படங்களில் கொள்ளையர் கறுப்புத் தொப்பியும் நல்லவர் வெள்ளைத் தொப்பியும் அணிந்து வந்ததால் எழுந்த பெயர் அது. தமிழுக்குத் தொப்பியின் நிறம் வேண்டியதில்லை. உள்ளொன்றும் புறமொன்றுமாக ஒழுகுவதற்குக் கூடாவொழுக்கம் என்றும், பிறர் பொருளைக் கவர எண்ணாமைக்குக் கள்ளாமை என்றும் அடுத்தடுத்து 28ஆம் 29ஆம் அதிகாரங்களை வள்ளுவர் வகுத்து வைத்திருக்கிறார். மறை எழுத்தும் இருமுகப் பக்கமும் முன்னதில் அடங்கும்; விலைக்கு வாங்கிய இணைப்பும் கைப்பற்றிய தளப்பெயரும் பின்னதில் அடங்கும்.

இவ்வித்தைகளைக் கையாண்டோர் என்ன ஆயினர்? பெரியவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

2006ஆம் ஆண்டு பிப்ரவரியில், செருமனியின் பி.எம்.டபிள்யூ கார் நிறுவனத்தின் தளம் கூகுள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பயன்படுத்திய கார்கள் என்ற சொல்லைத் திணித்து, மனிதர்க்குக் காட்டாமல் பொறிக்கு மட்டும் காட்டும் வாயிற்பக்கங்களை அது அமைத்திருந்ததே காரணம். உலகறிந்த நிறுவனமாதலால் பக்கங்களை அகற்றியதும் சில நாட்களில் மீண்டும் சேர்க்கப்பட்டது.

2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அமெரிக்காவின் ஜே. சி. பென்னி என்னும் பல்பொருள் அங்காடி பற்றி ஒரு நெடுங்கட்டுரை வெளியிட்டது. ஆடை, படுக்கை விரிப்பு, தரைக்கம்பளம் என எதைத் தேடினாலும் அந்த அங்காடியே முதலில் நின்றது. எப்படி என்று ஆராய்ந்தபோது, அப்பொருள்களோடு எத்தொடர்பும் அற்ற ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் விதைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. அந்நாளேடு கணக்கெடுத்த 59 தேடற்சொற்களில், பிப்ரவரி 1ஆம் நாள் அங்காடியின் சராசரி இடம் 1.3, பிப்ரவரி 10ஆம் நாள் 52. பத்து நாளில் முதல் வரிசையிலிருந்து எவரும் எட்டிப்பாராத ஆழத்திற்கு! இணைப்புகளைப் பற்றித் தமக்கு ஒன்றுமே தெரியாது என்று அங்காடி கூறியது. தான் அமர்த்தியிருந்த தேடல் ஆலோசனை நிறுவனத்தை விலக்கியது. கங்காணி போனார். வீழ்ச்சி யாருடையது? அங்காடியுடையது.

மலர் விற்போரும் இதில் தப்பவில்லை. கேமரன் மலையில் தேயிலைக்கு அடுத்துக் கண்ணில் படுவன பூந்தோட்டங்கள். எனவே இந்த நிகழ்ச்சி அங்குள்ளோர்க்குச் சற்று உறைக்க வேண்டும். இங்கிலாந்தின் இன்டர்ஃப்ளோரா என்னும் மலர் நிறுவனம் வட்டார நாளேடுகள் பலவற்றில் செய்தி போன்ற விளம்பரங்களை இணைப்புகளோடு வெளியிட்டிருந்தது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள் அதனைத் தண்டித்தது. எத்தகைய தண்டனை? மலர் என்று தேடியபோது மட்டுமன்று, இன்டர்ஃப்ளோரா என்று அதன் சொந்தப் பெயரையே தேடியபோதும் அது அகப்படவில்லை. அன்னையர் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மலர்க்காரர்க்கு அது தீபாவளி. 11 நாட்களுக்குப் பின்னரே அதற்கு மீட்சி கிடைத்தது.

இம்மூவரும் மீண்டனர். மீளும் வலிமை அவர்களுக்கு இருந்தது. அவர்களிடம் பொறியாளர் இருந்தனர், வழக்கறிஞர் இருந்தனர், நாளேடுகளின் கண் அவர்கள்மீது இருந்தது. பத்து அறைகள் கொண்ட ஒரு மலைவிடுதிக்காரரின் நிலை என்ன? தண்டனை வந்திருப்பதே அவர்க்குத் தெரியாது. விடுமுறைக் காலத்தில் வழக்கமாக நிரம்பும் அறைகள் நிரம்பாதபோது, மழை அதிகம் என்றோ பொருளாதாரம் சரியில்லை என்றோ எண்ணிக்கொள்வார். ஒருநாள் எவரேனும் சொல்லித் தெரிந்துகொண்ட பின், தம் தளத்தைச் சுட்டும் பல்லாயிரம் போலி இணைப்புகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு தளத்தாருக்கும் எழுதி நீக்கக் கேட்டு, நீங்காதவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளுக்கு விண்ணப்பித்து, மறு ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டும். அப்பட்டியலில் உள்ளவை எந்தெந்த மொழியில், எந்தெந்த நாட்டில் உள்ளன என்பதே அவர்க்கு விளங்காது. அவற்றை விதைத்தவரோ தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார்.

இன்னும் ஓர் இடர் உண்டு. அதனை எச்சரிப்பார் குறைவு. வேலை செய்ய வேண்டுமென்று கூறித் தளத்தின் கடவுச்சொல்லை இந்த மனிதர் வாங்கிக்கொள்கிறார். வீட்டுச் சாவியைக் கொடுத்த பிறகு, உள்ளே எதை வைத்துவிட்டுப் போனார் என்று யார் அறிவார்? இந்தோனேசியாவில் அரசு அலுவலகங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் தளங்களுக்குள்ளேயே சூதாட்டப் பக்கங்கள் திருட்டுத்தனமாக நடப்பட்டமை பல முறை செய்தியாயிற்று. ஒரு பல்கலைக்கழகத்தின் நற்பெயரைச் சூதாடி தன் தேடலிடத்திற்கு ஏணியாக்கிக்கொள்கிறான். உரிமையாளர் தம் முகப்புப் பக்கத்தைப் பார்க்கும்போது எல்லாம் செம்மையாகவே தோன்றும். தேடுபொறிக்கு மட்டும் வேறு முகம் தெரியும்.

இவ்வளவு இடரையும் விலை கொடுத்து வாங்குகிறார்களே, பயனாவது உண்டா என்றால், அதுவும் ஐயம். 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் கூகுள் ‘பெங்குவின்’ என்ற பெயரில் ஒரு மாற்றம் செய்து, விலைக்கு வாங்கிய இணைப்புகளால் உயர்ந்த தளங்களைக் கீழிறக்கியது. 2016க்குப் பின் அத்தகைய இணைப்புகளைப் பெரும்பாலும் எண்ணாமலேயே விட்டுவிடுகிறது. அதாவது, பல சமயங்களில் கொடுத்த பணத்திற்குத் தண்டனைகூடக் கிடைப்பதில்லை, ஒன்றுமே கிடைப்பதில்லை. ஆயினும் மாத இறுதியில் வண்ண வண்ண வரைபடங்களோடு அறிக்கை மட்டும் வந்து சேரும்.

ஈண்டு ஒரு நேர்மையான தடையை எதிர்கொள்ள வேண்டும். இவ்வித்தைகளைக் கண்டித்து எழுதுவோர் பெரும்பாலும் தண்டனையையே காட்டி அச்சுறுத்துகின்றனர். அகப்படாதவர் பலர் உள்ளனரே என்று கேட்டால் அவர்களிடம் விடையில்லை. உண்மையில் பலர் அகப்படுவதில்லை. பொறி ஏமாந்துகொண்டும் இருக்கிறது. எனவே தண்டனை உண்டா இல்லையா என்பதோடு இவ்வழக்கு முடிந்துவிடாது. பொறி ஏமாறுவது பெரிதன்று. பொறிக்கு வயிறு இல்லை, குழந்தை குட்டி இல்லை. அதன் வழியே ஏமாறுபவன் மனிதன்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் வெல்ட்பரோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே அருமையான வெந்நீர் ஊற்றுகள் உள்ளன என்று ஒரு சுற்றுலா நிறுவனத்தின் இணையக் கட்டுரை பரிந்துரைத்தது. அதனை நம்பி அடுத்தடுத்து மக்கள் வந்து, அவ்வூர் விடுதியில் வழி கேட்டனர். வெந்நீர் ஊற்று ஒன்றும் அங்கு இல்லை; ஆறு ஒன்று ஓடுகிறது, அதன் நீரோ எலும்பை உறைய வைக்கும் குளிர்ச்சி. கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவு எழுதியிருந்தது. விளம்பர எழுத்துப்பணி வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பெரிய நிறுவனங்களோடு போட்டியிடப் புதிது புதிதாகக் கட்டுரைகள் தேவைப்பட்டன என்பது நிறுவனத்தார் கூறிய விளக்கம். 2026ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த செய்தி இது. மலையும் மூடுபனியும் சுற்றுலாவும் உள்ள எந்த ஊருக்கும் இது நாளை நேரலாம். கேமரன் மலையில் இல்லாத தோட்டத்தைத் தேடி, மழையில் வழுக்கும் குறுஞ்சாலையில் முதியவரை ஏற்றிக்கொண்டு ஒரு குடும்பம் அலைந்தால், அந்தக் குற்றத்திற்கு எந்தப் பொறியின் தண்டனை ஈடாகும்?

சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. பொய்யான அல்லது திசைதிருப்பும் கூற்றுகளால் பொருளையோ சேவையையோ விற்பதை மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. எழுதப்படாத விருந்தினர் பெயரில் புகழுரை எழுதி வைப்போர் இதனை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அமெரிக்கா 2024இல் போலி மதிப்புரைகளைத் தடைசெய்து தனி விதியே வகுத்தது. தேயிலை வணிகத்திற்கு இது புதிதன்று. இங்கிலாந்தில் வேறு மரத்து இலைகளைச் சாயமேற்றித் தேயிலையோடு கலந்து விற்றோரை அடக்க 1777இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அன்று கோப்பையில் கலந்தனர். இன்று பட்டியலில் கலக்கின்றனர்.

இதுவரை கூறியது எந்த மொழியார்க்கும் பொதுவான தீமை. தமிழுக்கு நேர்வது தனித் தீமை.

கணினித் திரையில் தமிழ் எழுத்து தோன்றுவதற்கு எத்தனை பேர் உழைத்தனர் என்பதை இன்றைய மாணவர் அறிவாரா? மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழிணைய மாநாடுகள் கூடி, விசைப்பலகை முதற்கொண்டு வாதிட்டு வாதிட்டு வழி சமைத்தன. அவர்கள் பாதை வெட்டியது எதற்கு? எவரோ ஒருவர் ஆங்கிலக் கட்டுரையைப் பொறியிலிட்டுத் தமிழாக்கி, தலையும் வாலும் இல்லாத ஆயிரம் பக்கங்களை ஒரே இரவில் கொட்டி, விளம்பரக் காசு பொறுக்குவதற்கா?

2024இல் அமேசான் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்களும் பிறரும் வெளியிட்ட ஓர் ஆய்வு, இணையத்தில் பல மொழிகளில் ஒரே நேரத்தில் காணப்படும் உரைகளுள் பெரும்பகுதி தரங்குறைந்த பொறிபெயர்ப்பே என்றும், இணையத்தில் எழுத்துவளம் குறைந்த மொழிகளில் இதன் பங்கு மிக அதிகம் என்றும் காட்டியது. இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் கடல், அதில் ஆயிரம் வண்டி சேறு கொட்டினாலும் நிறம் மாறச் சில காலம் ஆகும். மலேசியத் தமிழர் பற்றித் தமிழில் உள்ள இணைய எழுத்தோ ஒரு கிணறு. அதில் ஒரு கூடை கொட்டினாலே குடிநீர் கெடும். அந்தக் கிணற்றிலிருந்து நீர் முகப்போர் யார்? தோட்டப்புற வரலாறு பற்றி இடுபணி எழுதும் பள்ளி மாணவர். இப்போது மாணவர் மட்டுமல்லர். வினாவுக்கு விடை கூறும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் அதே கிணற்றிலிருந்தே முகக்கின்றன. பொய்யைப் பொறி எழுத, அதனைப் பொறியே படித்து, மீண்டும் அதையே மெய்யென்று மாணவர்க்குச் சொல்லும் சுழற்சி தொடங்கிவிட்டது. லயன் வீட்டில் பிறந்து கொழுந்துக் கூடையைச் சுமந்த பாட்டியின் சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்தப் பாட்டியைக் கண்டிராத பொறியின் சொல் முதற் பக்கத்தில் இருக்கிறது.

2024ஆம் ஆண்டு மார்ச்சில், தேடலிடம் பிடிப்பதற்கென்றே பெருந்திரளாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதையும், காலாவதியான தளப்பெயர்களைக் கைப்பற்றிப் பயன்படுத்துவதையும் தன் விதிகளுக்கு மாறானவை என்று கூகுள் வெளிப்படையாக அறிவித்தது. நல்லதே. ஆயினும் ஆங்கிலச் சேற்றை அடையாளம் காண்பது போல் தமிழ்ச் சேற்றை அப்பொறி அடையாளம் காணும் என்று நம்பித் தமிழர் உறங்கிவிட முடியாது.

எல்லாரும் செய்கின்றனர், நான் மட்டும் செய்யாதிருந்தால் அழிந்துபோவேன் என்பார் சிலர். எல்லாரும் செய்கின்றனர் என்பதை அவர்க்குச் சொன்னவர் யார் என்று கேட்டால், அதே தரகர்தாம்.

இதனினும் கூர்மையான வாதம் ஒன்று உண்டு. கூகுளே யோக்கியமானதா? 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, தேடல் துறையில் அந்நிறுவனம் சட்டத்திற்கு மாறாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தது. காசு கொடுத்தால் பட்டியலுக்கு மேலேயே விளம்பர இடம் தருகிறது. அப்படிப்பட்டதை ஏமாற்றினால் என்ன பாவம்? இவ்வாதத்தில் பாதி உண்மை. கூகுளின் ஆதிக்கம் எதிர்க்கத்தக்கதே. அதன் விதிகளை வேதமென்று எவரும் வணங்க வேண்டியதில்லை. ஆனால் துரை கொடியவர் என்பதற்காகக் கங்காணி தராசில் கொழுந்தைக் குறைத்து நிறுத்தால், துரைக்கா அதனால் இழப்பு? கூடைக்காரியின் கூலியில் அல்லவா கை வைத்தார்! மறை எழுத்தாலும் போலிப் பக்கத்தாலும் கலிபோர்னியாவில் எவரும் ஏழையாகவில்லை. வழி தேடி வந்தவன் வழி தவறினான். நேர்மையாகக் கடை நடத்திய பக்கத்துத் தமிழன் இரண்டாம் பக்கத்திற்குத் தள்ளப்பட்டான்.

அப்படியாயின் தேடுபொறிக்காக எதையுமே செய்யக் கூடாதா? செய்யலாம், செய்யவும் வேண்டும். தன்னைத் தெளிவாக அறிமுகம் செய்துகொள்வது வேறு, பொய்ப்பெயர் சொல்வது வேறு. இதில் தமிழ்த் தளங்கள் செய்யவேண்டியதையே செய்யாமல், செய்யக்கூடாததற்குக் காசு கொடுக்கின்றன என்பதுதான் வேடிக்கை. ஆலயத் திருவிழா அறிவிப்பையும் சங்க வரலாற்றையும் படமாக எடுத்து அப்படியே ஒட்டிவைப்போர் எத்தனை பேர்! படத்தில் உள்ள தமிழைக் கண் படிக்கும். பட்டியலாளர் பெரும்பாலும் படிப்பதில்லை. ஒருங்குறி வருமுன் பழைய எழுத்துருக்களில் உள்ளிட்ட பக்கங்கள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. தேடுபவர்க்கு அவை வெறும் குறிக்கூட்டம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினாலே மறைந்து கிடந்த ஒரு தலைமுறையின் எழுத்து வெளிச்சத்துக்கு வரும். அதற்கு எந்த வித்தையும் வேண்டியதில்லை. இலவச மாற்றுக் கருவிகளும் பொறுமையும் போதும்.

ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். கேமரன் மலை, கெமரன் மலை, கேமரன் ஹைலண்ட்ஸ் என்று தமிழில் பலவாறு எழுதுகின்றனர். தானா ராத்தாவைத் தனா ரத்தா என்பாரும் உண்டு. தேடுவோர் எந்த எழுத்தில் தேடுவர் என்று தெரியாது. தரகர் இத்தனை வடிவங்களையும் வெள்ளை எழுத்தில் நூறு முறை மறைத்து வைப்பார். நல்ல ஆசிரியர் என்ன செய்வார்? கட்டுரையின் தொடக்கத்திலேயே, இம்மலையை இன்னின்னவாறும் எழுதுவர் என்று ஒரு வரியில் கூறிவிடுவார். பொறிக்கும் பயன், படிப்பவர்க்கும் ஒரு செய்தி. பக்கத் தலைப்பு உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். படத்தின் கீழ் அது எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று குறிப்பு இருக்க வேண்டும். கைப்பேசியில் விரைந்து திறக்க வேண்டும். மெய்யாகவே தொடர்புடையோர் மெய்யாகவே சுட்ட வேண்டும். தங்குமிடக்காரர் தம் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் வரலாற்றுப் பக்கத்தைச் சுட்டினால் அது இணைப்பு; எங்கோ ஒரு நாட்டுக் காலணிக்கடையின் பக்கத்தில் காசுக்கு இடம் பிடித்தால் அது பொய்ச்சான்று.

எழுத வேண்டியவை மலையளவு கிடக்கின்றன. தேயிலை மலையில் கையால் கொழுந்து கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் பொறியும் வந்த மாற்றத்தையும், தமிழர் இறங்கிப்போன வரிசைகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் ஏறிவந்த கதையையும், பிரட்டு, தண்டல், கிராணி, லயம் என்று தோட்டத்தோடு பிறந்து தோட்டத்தோடு மறையும் சொற்களையும் அறிந்தவர் இன்னும் சிலர் உயிரோடு இருக்கின்றனர். ஒரு பள்ளித் தவணையில் ஐந்து மாணவர் ஐந்து முதியவரிடம் அமர்ந்து கேட்டு, கேட்டதைக் கேட்டவாறே, பெயரை அவர் இசைவோடு மட்டும் இட்டு, ஒருங்குறித் தமிழில் பள்ளியின் தளத்தில் ஏற்றினால், அந்த ஐந்து பக்கங்கள் பட்டியலின் முதலிடத்தில் நிற்காமலும் போகலாம். தேடுபவர் இரண்டாம் பக்கத்துக்கோ மூன்றாம் பக்கத்துக்கோ வந்து சேரும் நாளில் அங்கே அவை இருக்கும். தளப்பெயரின் ஆண்டுக்கட்டணத்தை மட்டும் பள்ளியில் எவரேனும் மறவாமல் செலுத்திவர வேண்டும்.